காசிமேட்டு மீனில் டாக்கோ, கூடவே மாம்பழ சால்சா: வீட்டுச் சமையலுக்கு முழுமையான வழிகாட்டி

டாக்கோ என்பது சின்ன ரொட்டியில் மீன், காய் போன்றவற்றை வைத்து மடித்துச் சாப்பிடும் மெக்சிகோப் பண்டம். மீன் டாக்கோவைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மீனில் ஈரம் இருந்தால் கல்லில் ஒட்டிக்கொள்ளும். மாவில் தோய்த்துப் பொரித்தால் மேல்பூச்சு நழுவி எண்ணெயில் தனியாக மிதக்கும். பழம் தண்ணீர் விட்டால் ரொட்டி ஊறி, கையில் எடுத்ததும் அடி கிழிந்து முழங்கை வரை வழியும். ரொட்டி மாவிலோ இதற்கு நேர்மாறு: தண்ணீர் குறைந்தால் மடிக்கும்போதே விரிசல் விடும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும், எங்கே ஈரத்தை எடுக்க வேண்டும், எங்கே காக்க வேண்டும் என்பதைச் சுற்றியே வரும்.

மெக்சிகோவின் வடமேற்கில் உள்ள பாஹா கலிஃபோர்னியா தீபகற்பம்தான் இந்தப் பண்டத்தின் ஊர். அங்கே என்செனாதா, சான் ஃபெலிபே என்ற இரண்டு கடற்கரை ஊர்களும் இதைத் தம்முடையது என்று உரிமை கொண்டாடுகின்றன. ரொட்டி, மாவில் தோய்த்துப் பொரித்த மீன், மெல்லிய முட்டைகோஸ், வெள்ளை சாஸ், சால்சா (பொடியாக நறுக்கிய காரமான பச்சைக் கலவை), எலுமிச்சை. இவ்வளவுதான் அடிப்படை. சால்சாவில் பழம் சேர்ப்பது பின்னால் வந்த பழக்கம். நம் ஊர் மாம்பழம் அதற்கு அவ்வளவு பொருந்துகிறது.

இங்கே தரும் அளவு 4 பேருக்கு, ஆளுக்கு 3 வீதம் 12 டாக்கோ. ரொட்டி மட்டும் 15 வரும். முதல் இரண்டு சரியாக அமையாது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மீன் வாங்குவது

சதை கெட்டியாகவும், முள் எளிதில் பிரிவதாகவும், வாசம் மென்மையாகவும் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக அமைவது கொடுவாவில். அடுத்தது பாறை, அதன் பிறகு சீலா. வஞ்சிரம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கொழுப்பு குறைந்த வால்பக்கம் அரை நிமிடம் கூடினாலே நார்நாராக வறண்டுவிடும். விலைக்கு ஏற்ற பலன் இதில் கிடைக்காது. வஞ்சிரத்தை வறுவலுக்கே வைத்துக்கொள்ளலாம். சங்கரா ஒரு கிலோவுக்கு மேல் உள்ளதாகக் கிடைத்தால் எடுக்கலாம். சின்னதில் முள்ளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கானாங்கெளுத்தியின் எண்ணெய் வாசம் மாம்பழத்தை அமுக்கிவிடும், அன்னாசி சால்சாவோடு மட்டுமே சேரும். ஜிலேபி மீன் வேண்டாம், சதை உதிரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மாம்பழம் உச்சத்தில் இருப்பதும் அதே மாதங்களில்தான். பெரிய மீன் வரத்து குறைந்து விலை ஏறும். அப்போது ஃபைபர் படகுகளில் கரைக்குப் பக்கத்தில் பிடித்து வரும் மீனைப் பாருங்கள்: கிழங்கான், சின்னப் பாறை, நெத்திலி. பண்ணைக் கொடுவாவும் நல்ல மாற்று. நெத்திலியைத் தலை, குடல் நீக்கி முழுதாக மாவில் தோய்த்துப் பொரித்தால் முள் எடுக்கும் வேலையே இல்லை. தடைக்காலத்தில் மாம்பழ சால்சாவோடு நெத்திலி டாக்கோ செய்வது, அதிக விலை கொடுத்து ஐஸில் பல நாள் கிடந்த வஞ்சிரம் வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வாங்குவதானால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும்; பழுப்பாகி வழவழப்பு கூடியிருந்தால் விட்டுவிடுங்கள். கண் உப்பித் தெளிவாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி உடனே நிரம்ப வேண்டும். கடல் வாசம் வரலாம், மூக்கைத் துளைக்கும் நெடி வரக்கூடாது. 1.3 கிலோ முழு மீன் எடுத்தால் தலை, நடுமுள், தோல் போக ஏறத்தாழ 600 கிராம் சதை நிற்கும். வெட்டுபவரிடம், “அக்கா, ஸ்லைஸ் போடாதீங்க. நடுமுள்ள எடுத்துட்டு ரெண்டு பக்கச் சதைய முழுசா போன்லெஸ்ஸா குடுங்க, தலையும் முள்ளும் தனியா வேணும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வழக்கமான குழம்புத் துண்டாக வெட்டிவிட்டால் டாக்கோவுக்கு உதவாது. தலையும் முள்ளும் மறுவேளைக் குழம்புக்கு.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போவதற்குள்கூட வெயிலில் மீன் சூடேறிவிடும். பையில் ஐஸ் கட்டாயம். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்து, அன்றே சமைத்துவிடுங்கள்.

மாவு: பெயர் பார்த்து வாங்குங்கள்

இங்கேதான் பலருக்கும் முதல் தவறு நேர்கிறது. கடையில் ‘கார்ன்ஃப்ளவர்’ என்று கேட்டால் சூப்பில் கலக்கும் வெள்ளை ஸ்டார்ச் பொடியைத் தருவார்கள். அதில் ரொட்டி வராது. ‘சோள மாவு’ என்று கேட்டால் வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவு கிடைக்கக்கூடும். உங்களுக்கு வேண்டியது மஞ்சள் மக்காச்சோளத்தை முழுதாக அரைத்த மாவு. சௌகார்பேட்டைப் பக்கம் மளிகைக் கடைகளில் ‘மக்கி ஆட்டா’ என்று கேளுங்கள். பையைத் திறந்து முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாசம் வரவேண்டும்; சிக்கு வாடை அடித்தால் பழைய மாவு, கசக்கும்.

மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோலைக் கழுவிவிட்டு அரைப்பார்கள். அந்தச் சுண்ணாம்புதான் மாவுக்குப் பிசுபிசுப்பையும் தனி வாசத்தையும் தருகிறது. நம் மக்கி ஆட்டா அப்படிப் பதப்படுத்தப்பட்டதல்ல. தனியாகப் பிசைந்தால் கையிலேயே உடையும். வெற்றிலைச் சுண்ணாம்பை வைத்து வீட்டில் முயலவேண்டாம், அளவு தவறினால் வாய் புண்ணாகும். மைதா சேர்த்து, கொதிநீரில் பிசைவதே பாதுகாப்பான வழி.

மக்காச்சோள மாவு 150 கிராம், மைதா 150 கிராம், உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், தண்ணீர் 210 மில்லி.

மக்காச்சோள மாவையும் உப்பையும் பாத்திரத்தில் போட்டு, நன்றாகக் கொதிக்கும் தண்ணீர் 180 மில்லியை ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, 15 நிமிடம் மூடி வையுங்கள். இடியாப்ப மாவுக்குக் கொதிநீர் ஊற்றுவது எதற்கோ, அதற்குத்தான் இதுவும்: சூட்டில் மாவுச்சத்து வெந்து பசையாகி, தானியத்தைப் பிடித்து நிறுத்தும். வெதுவெதுப்பான தண்ணீர் போதாது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மைதா, எண்ணெய் சேர்த்து, மீதி 30 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து 6 நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, காது மடல் போல இருக்க வேண்டும். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விடுங்கள்.

35 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, ஒன்றை அழுத்திப் பாருங்கள். ஓரத்தில் வெடிப்பு தெரிந்தால் கையை நனைத்துக்கொண்டு இன்னும் இரண்டு நிமிடம் பிசைய வேண்டும். பூரி பிரஸ் இருந்தால், கழுவித் துடைத்த பால் கவரை வெட்டி இரண்டு பக்கமும் வைத்து, நடுவில் உருண்டையை வைத்து அமுக்குங்கள். 14 சென்டிமீட்டர் அகலம் வரும். பிரஸ் இல்லையென்றால் அதே பால் கவருக்கு நடுவில் வைத்துக் கட்டையால் தேய்க்கலாம். கவரில் ஒட்டிக்கொண்டு வந்தால் மாவில் ஈரம் அதிகம். ஒரு டேபிள்ஸ்பூன் மைதா சேர்த்தால் சரியாகும்.

இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் வேண்டாம். ரொட்டியைப் போட்டு 30 நொடியில் திருப்பி, அடுத்த பக்கம் ஒரு நிமிடம், மறுபடி திருப்பி 30 நொடி. அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்து லேசாக உப்பினால் எடுத்துவிடலாம். தீயைக் குறைத்து நேரம் கூட்டினால் அப்பளம் போல விறைத்துவிடும். எடுத்த கையோடு துணி விரித்த ஹாட் பாக்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடுங்கள். 10 நிமிடம் சொந்த ஆவியிலேயே இருந்தால்தான் மடிக்கும் பதம் வரும். கல்லிலிருந்து எடுத்ததும் மடித்துப் பார்த்து ‘உடைகிறதே’ என்று கவலைப்பட வேண்டாம்.

சால்சா

பங்கனபள்ளி 2, ஏறக்குறைய அரை கிலோ. சதை 300 கிராம் தேறும். கிளிமூக்கு மாங்காய் 60 கிராம். சின்ன அளவில் ஒரு பெரிய வெங்காயம், பச்சை மிளகாய் 2, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, எலுமிச்சைச் சாறு ஒன்றரை டேபிள்ஸ்பூன், வறுத்துப் பொடித்த சீரகம் கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன்.

பழம் முழுக்கக் கனிந்திருக்கக்கூடாது. காம்புப் பக்கம் வாசம் வந்து, நடுவில் அழுத்தினால் கொஞ்சம்தான் அமுங்க வேண்டும். இமாம் பசந்த் சாப்பிட அருமை. ஆனால் வெட்டினால் குழைந்துவிடும், இதற்குத் தோதில்லை. காலம் முடியும்போது வரும் நீலம் கெட்டியாகவே கிடைக்கும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். மாங்காய் சேர்ப்பது வெறும் புளிப்புக்காக அல்ல. பழம் மட்டும் இருந்தால் இரண்டாவது டாக்கோவிலேயே இனிப்பு திகட்டும். நறுக்கென்று கடிபடும் மாங்காய் அதைத் தடுக்கிறது.

எல்லாவற்றையும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான சதுரமாக வெட்டுங்கள். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால்கூடச் சட்னியாகிவிடும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி 10 நிமிடம் குளிர்ந்த நீரில் போட்டுப் பிழிந்து எடுத்தால் காட்டம் அடங்கும். மிளகாயை விதை நீக்கி நறுக்கலாம், காரம் விரும்புபவர்கள் ஒன்றை விதையோடு விடலாம்.

உப்பு, எலுமிச்சை இரண்டையும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். உப்பு பட்டதும் பழம் தண்ணீர் விட ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம் முன்பே கலந்துவைத்தால் கிண்ணத்தின் அடியில் அரை டம்ளர் சாறு நிற்கும். பழம், மாங்காய், வெங்காயம், மிளகாய் ஆகியவற்றைக் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்திருங்கள். மீன் அடுப்பில் ஏறும்போது உப்பு, எலுமிச்சை, சீரகம், கொத்தமல்லியைச் சேருங்கள். பரிமாறும்போது ஓட்டைக் கரண்டியால் அள்ளுங்கள். அடியில் நிற்கும் சாறு வெள்ளை சாஸை இளக்க உதவும்.

மாம்பழம் இல்லாத மாதங்களில் அன்னாசிதான் முதல் தேர்வு. அரை அங்குல வட்டமாக வெட்டிக் காய்ந்த தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் கருகும் அளவு சுட்டு, ஆறவைத்து நறுக்குங்கள்; தண்ணீரும் வற்றும், நாக்கை அரிக்கும் தன்மையும் போகும். மழைக்காலத்தில் கெட்டியான கொய்யா, விதைப் பகுதியை நீக்கிவிட்டு, மாதுளை முத்தோடு. தர்பூசணி கோடையில் ஆசைகாட்டும். வெட்டி 20 நிமிடம் வடிகட்டியில் போட்டுவைக்காமல் சேர்க்கவேண்டாம். பப்பாளி செங்காயாக இருந்தால் மட்டும். பச்சை அன்னாசிச் சாற்றிலோ பப்பாளியிலோ மீனை ஊறவைத்துவிடாதீர்கள். இரண்டிலும் புரதத்தைக் கரைக்கும் நொதி இருக்கிறது, சதை கூழாகிவிடும்.

வெள்ளை சாஸும் முட்டைகோஸும்

250 கிராம் புளிக்காத கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் இரண்டு மணி நேரம் வடியவிடுங்கள். அதோடு முட்டையில்லாத மயோனைஸ் 2 டேபிள்ஸ்பூன், துருவிய பூண்டு ஒரு பல், உப்பு, எலுமிச்சைத் தோல் துருவல் ஒரு சிட்டிகை. பச்சை முட்டையில் வீட்டில் அடித்த மயோனைஸ் வேண்டாம். சால்மொனெல்லா கிருமி அபாயத்தால்தான் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. சென்னை வெப்பத்தில் அந்த அபாயம் வீட்டுச் சமையலறைக்கும் உண்டு.

மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டால் வெண்படை வரும் என்று பல வீடுகளில் பெரியவர்கள் தடுப்பார்கள். வெண்படை நோய் எதிர்ப்பாற்றல் சார்ந்த கோளாறு. இந்தச் சேர்க்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் மனம் ஒப்பாதவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. கனிந்த பட்டர் ஃப்ரூட் ஒன்றை எலுமிச்சை, பூண்டு, உப்போடு மசித்தால் தயிரின் இடத்தை அழகாக நிரப்பும்.

முட்டைகோஸ் 200 கிராம். பாரிமுனைப் பக்கம் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடைகளில் சீவுவார்களே, அந்த மெல்லிசு வேண்டும். மேல் இலைகளை எடுத்துவிட்டு, உப்பு மஞ்சள் கலந்த தண்ணீரில் அலசி, சீவி, ஐஸ் தண்ணீரில் 10 நிமிடம் போட்டு எடுத்து, துணியில் உருட்டித் துடையுங்கள்.

மீன்

சதையைக் கழுவி, விரலால் தடவி, மிச்சமிருக்கும் முள்ளை இடுக்கியால் பிடுங்குங்கள். 8 சென்டிமீட்டர் நீளம், இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். ஒன்றரை டீஸ்பூன் உப்பைத் தூவி 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே வந்த நீரைச் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு துணி நனைந்தால் இன்னொன்று எடுத்து, சதை தொட்டால் ஒட்டும் அளவுக்கு உலரும்வரை விடாதீர்கள். இந்த ஒரு படியைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் மீன் கல்லோடு பெயர்ந்து வரும்.

இனி இரண்டு வழி.

கல்லில் வாட்டுவது: காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், மிளகுத்தூள் அரை, சீரகப்பொடி அரை, துருவிய பூண்டு ஒரு டீஸ்பூன், பொடியாக நறுக்கிய ஓமவல்லி இலை ஒன்று, கடலை எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். இதைக் குழைத்துத் தடவுங்கள். கரம் மசாலா, சோம்பு, இஞ்சி எதுவும் வேண்டாம். பழத்தின் வாசம் அடிபட்டுவிடும். எலுமிச்சையும் இப்போது வேண்டாம். புளிப்பில் கால் மணி நேரத்துக்கு மேல் ஊறினால் சதை வெளுத்து, வெந்தது போலாகி, கல்லில் போட்டதும் பொடிப்பொடியாக உதிரும். கல் நன்றாகக் காய்ந்ததும் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, ஐந்தாறு துண்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். இரண்டரை நிமிடம் தொடாதீர்கள். மேல்பொருக்கு பிடித்ததும் மீன் தானே கல்லை விட்டு எழும். திருப்பியால் தள்ளிப் பார்த்தால் தெரியும். எழவில்லையென்றால் இன்னும் 20 நொடி. மறுபக்கம் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். நடுச்சதை கண்ணாடித் தன்மை போய் வெள்ளையாகி, மடல் மடலாகப் பிரிந்தால் வெந்தது. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 63 டிகிரி.

பாஹா வழியில் பொரிப்பது: மைதா 100 கிராம், அரிசி மாவு 30 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், உப்பு அரை, மிளகாய்த்தூள் அரை. அங்கே பீர் ஊற்றிக் கரைப்பார்கள். ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்த சாதாச் சோடா 170 மில்லி போதும். கரைத்த உடனே பயன்படுத்துங்கள், நுரை அடங்கினால் மொறுமொறுப்பும் போச்சு. பஜ்ஜி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கட்டும். கட்டி இருந்தால் பரவாயில்லை, அடித்து அடித்துக் கரைத்தால் பூச்சு ரப்பராகும். மீனை முதலில் உலர்ந்த மைதாவில் புரட்டி உதறி, பிறகு தோயுங்கள். எண்ணெய் 180 டிகிரி. ஒரு சொட்டு மாவு விட்டால் பாதி ஆழம் போய் உடனே மேலே வரவேண்டும். நான்கு துண்டுக்கு மேல் போடாமல் மூன்று நிமிடம். கம்பி வலையில் வையுங்கள். தட்டில் குவித்தால் ஆவி பட்டு நமுத்துவிடும்; செய்தித்தாளில் வைத்தால் அச்சு மை ஒட்டும்.

அடுக்கும் வரிசை

தயிரைக் கட்டித் தொங்கவிடுவது முதல் வேலை. பிறகு மாவு, மாவு ஊறும்போது பழமும் முட்டைகோஸும், அடுத்து ரொட்டி, கடைசியில் மீன். மீன் கல்லிலிருந்து இறங்கும்போது சாப்பிடுபவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ரொட்டியில் முதலில் முட்டைகோஸ். அதுதான் சாறு ரொட்டிக்கு இறங்காமல் தாங்கும் படுக்கை. அதன்மேல் மீன், ஒரு டீஸ்பூன் சாஸ், மேலே சால்சா ஒரு டேபிள்ஸ்பூன், அதற்குமேல் வேண்டாம். எலுமிச்சை பிழிவது கடித்துச் சாப்பிடப்போகும் நொடியில். ஒரேயடியாகப் பன்னிரண்டையும் அடுக்கிவைக்காமல், எல்லாவற்றையும் கிண்ணங்களில் வைத்து அவரவரே அடுக்கிக்கொள்ள விடுங்கள். குழந்தைகளுக்கு மிளகாய் கலக்கும் முன்பே ஒரு கிண்ணம் பழத்தைத் தனியாக எடுத்துவைத்துவிடலாம்.

மிஞ்சிய மீனை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் கல்லில் சூடேற்றலாம். ரொட்டியை ஈரத்துணியில் சுற்றி ஆவியில் இரண்டு நிமிடம் காட்டினால் மறுபடி மடியும். சால்சா மட்டும் மறுநாள் தாங்காது. மிஞ்சினால் அன்றிரவே தயிர்ச் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளுங்கள்.